கார் எஞ்சினின் ஒயில் பம்ப்: மாற்றும் முன்னும் மாற்றும்போதும்

குடாநாட்டின் பழைய கார்கள் உழைக்கும் கார்கள். ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் ஒக்ஸ்போட், மொறிஸ் மைனர் என்று எமது ஊர்களில் எஞ்சியிருக்கும் வண்டிகள் வெங்காயத்தையும் பீற்றூட்டையும் சந்தைக்குக் கொண்டுபோகின்றன. இரவு வேளையில் நோயாளியை வைத்தியசாலைக்குச் சேர்க்கின்றன. இடம்பெயர்ந்து, காணியை விட்டு, பிறர் வளவில் குடியிருக்கும் குடும்பத்துக்கு இப்படியான ஒரு வண்டிதான் சிலவேளைகளில் கையில் மிஞ்சிய ஒரே தொழிற்கருவி. 2020 மார்ச்சில் நாட்டுக்குள் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதி கிடைத்தது. புதிய காரின் விலை எமது கைக்கு எட்டாத இடத்தில் இருக்கிறது. ஆகவே, பழையதைக் காப்பாற்றுவதே எமக்குள்ள வழி.

இத்தகைய வண்டியில் ஒருநாள் ஒயில் எச்சரிக்கை விளக்கு எரிகிறது, அல்லது அழுத்தமானியின் முள் கீழே விழுகிறது. "ஒயில் பம்ப் போய்விட்டது, மாற்றவேண்டும்" என்று யாரோ சொல்கிறார். காப்பு அடைவுக்குப் போகிறது. பம்ப் மாற்றப்படுகிறது. ஒரு மாதத்தில் அதே விளக்கு மறுபடியும் எரிகிறது. ஏன் இப்படி நடக்கிறது? பம்பை மாற்றுவது எப்போது அவசியம்? மாற்றினால் எதைக் கவனிக்கவேண்டும்? இவற்றை இங்கே படிப்படியாகப் பார்ப்போம்.

ஒயில் பம்ப் செய்யும் வேலை

எஞ்சினின் அடியில் உள்ள தொட்டியைச் சம்ப் என்கிறோம். ஒயில் அங்கேதான் தங்குகிறது. தோட்டக் கிணற்றில் இறைப்பு மெஷின் செய்யும் வேலையை எஞ்சினுக்குள் ஒயில் பம்ப் செய்கிறது. சம்பிலிருந்து ஒயிலை ஒரு வலை வழியாக உறிஞ்சி, பில்ரருக்குள் செலுத்தி, அங்கிருந்து சிறு துவாரங்கள் வழியாகக் கிராங்க் தண்டின் பெயாரிங்குகளுக்கும், கேம் தண்டுக்கும், மேலே வால்வுகளை இயக்கும் பகுதிக்கும் அனுப்புகிறது. கிராங்க் தண்டும் பெயாரிங்கும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் மெல்லிய ஒயில் படலம் தாங்கி நிற்கிறது. அந்தப் படலம் அறுந்தால் சில நிமிடங்களுக்குள் பெயாரிங்கின் மென்மையான உலோகம் உருகித் தேய்ந்துவிடும். அதற்குப் பிறகு பேசவேண்டியது பம்பின் விலையைப் பற்றி அல்ல, முழு எஞ்சினின் விலையைப் பற்றி.

விவசாயிகள் எளிதில் விளங்கிக்கொள்ளக்கூடிய ஓர் உண்மை இதில் உண்டு. பம்ப் ஒயிலைத் தள்ளுகிறது. ஆனால் அழுத்தம் உண்டாவது, அந்த ஒயில் இடுக்கமான இடைவெளிகளினூடாகப் போகவேண்டியிருப்பதால்தான். குழாயில் நாலு இடத்தில் ஓட்டை இருந்தால், மெஷின் எவ்வளவு நன்றாக இறைத்தாலும் கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் போய்ச் சேராது. அதுபோல, பெயாரிங்குகள் தேய்ந்து இடைவெளி பெருத்துவிட்டால் ஒயில் இலகுவாக வழிந்துவிடும், அழுத்தம் விழும். வாய்க்கால் உடைந்திருக்கும்போது மெஷினை மாற்றி என்ன பயன்? புதிய பம்ப் போட்டும் விளக்கு மீண்டும் எரிவதற்குப் பெரும்பாலான காரணம் இதுதான்.

மண்ணெண்ணெய்க் காலம் கற்பித்த பாடம்

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. மண்ணெண்ணெயும் மட்டாகவே கிடைத்தது. எம்மவர்கள் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டப் பழகிக்கொண்டனர். சில துளி பெற்றோலைக் காபறேற்றருக்குள் விட்டு எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினர். தோட்டத்து இறைப்பு மெஷின்களையும் இப்படியே இயக்கினர். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சியை நோக்கி நகர்ந்தபோது, நடந்து சென்றவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் லாண்ட்மாஸ்டர்களுக்கும் இடையே ஊர்ந்த கார்களும் அந்த வித்தையினால்தான் ஓடின.

பழைய கார்களால் இதைத் தாங்க முடிந்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஏ40 போன்ற எஞ்சின்கள் எரிபொருட் கலவையை ஏறத்தாழ 7 மடங்குதான் அமுக்குகின்றன. இன்றைய எஞ்சின்கள் அதைவிட அதிகம் அமுக்குபவை. அவற்றில் மண்ணெண்ணெய் நேரத்துக்கு முன்னரே வெடித்துப் பிஸ்டனை உடைத்துவிடும்.

ஆனால் பழைய எஞ்சினும் விலை கொடுத்தது. மண்ணெண்ணெய் ஆவியாவதற்குப் பெற்றோலைவிட மிகக் கூடிய வெப்பம் வேண்டும். ஆவியாகாத பகுதி திரவமாகவே சிலிண்டர் சுவரில் படிந்து, அங்கிருந்த ஒயிலைக் கழுவிக்கொண்டு, பிஸ்டன் றிங்குகளைக் கடந்து சம்புக்குள் இறங்கியது. அங்கே ஒயிலுடன் கலந்து அதைத் தண்ணீர்போல் ஆக்கியது. அளவுக் கம்பியை இழுத்துப் பார்த்தவர்கள், "ஒயில் குறையவேயில்லை, கூடியிருக்கிறது" என்று மகிழ்ந்ததும் உண்டு. கூடியது ஒயில் அல்ல, மண்ணெண்ணெய். மெலிந்த ஒயில் அழுத்தத்தைத் தாங்காது. பெயாரிங்குகள் தேய்ந்தன. தேய்ந்த துகள்கள் பம்புக்குள் சென்று அதன் சில்லுகளைக் கீறின. ஒயிலை அடிக்கடி மாற்ற முடிந்தவர்களின் எஞ்சின்கள் பிழைத்தன. மற்றவை கிராங்க் தண்டோடு போயின.

இது பழங்கதை என்று தள்ளிவிட முடியாது. 2022இல் நாடெங்கும் பெற்றோலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்றோம். மேலும், மண்ணெண்ணெய்க் காலத்தில் ஓடிய எஞ்சின்கள் பல இன்னமும் அதே கிராங்க் தண்டோடு ஓடுகின்றன. உங்கள் கார் அப்படிப்பட்டதானால் பம்பையும் பெயாரிங்கையும் சேர்த்தே சந்தேகிக்கவேண்டும்.

பம்பைக் குறை கூறுமுன்

எச்சரிக்கை விளக்கு எரிந்ததும் செய்யவேண்டிய முதல் வேலை எஞ்சினை நிறுத்துவது. "வீடு கிட்டத்தானே" என்று ஓட்டவேண்டாம். பின்னர் செலவு குறைந்ததிலிருந்து தொடங்கி, வரிசையாகப் பாருங்கள்.

முதலாவது, ஒயிலின் அளவு. சமதரையில் வண்டியை நிறுத்தி, சில நிமிடங்கள் பொறுத்து அளவுக் கம்பியைப் பாருங்கள். குறைவானால் ஒழுக்கு எங்கே என்று தேடுங்கள்.

இரண்டாவது, ஒயிலின் தன்மை. கம்பியிலிருந்து ஒரு துளியை விரலில் தேய்த்து மணந்து பாருங்கள். எரிபொருள் மணம் வந்தால் அல்லது தண்ணீர்போல் ஓடினால், ஒயிலை மாற்றாமல் வேறு எதையும் தீர்மானிக்கக்கூடாது. பால் நிறமாக இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. அது வேறு பழுது. ஆண்டுக்கணக்கில் கொட்டிலில் நின்ற வண்டியின் ஒயிலைப் பார்க்காமலே மாற்றிவிடுங்கள்.

மூன்றாவது, பில்ரர். அடைபட்டிருந்தால் புதியது போடுங்கள்.

நான்காவது, விளக்கும் அழுத்தமானியும். அவையே பிழையாகக் காட்டலாம். நல்ல அழுத்தமானி ஒன்றை இரவல் வாங்கிப் பொருத்தி, எஞ்சின் சூடான பின் பாருங்கள். ஒக்ஸ்போட், கேம்பிரிட்ஜ் வகை எஞ்சின்களில் சாதாரண ஓட்டத்தில் சதுர அங்குலத்துக்குச் சுமார் 50 இறாத்தலும், நின்ற நிலையில் மெதுவாக ஓடும்போது சுமார் 15 இறாத்தலும் இருப்பது நல்லது.

ஐந்தாவது, அழுத்தம் மிஞ்சும்போது ஒயிலைத் திருப்பி விடும் வால்வு. மேற்சொன்ன வகை எஞ்சினில் இது இடப்பக்கத்தின் பின்புறம், குமிழ் போன்ற ஒரு நட்டுக்குள் இருக்கிறது. உள்ளே ஒரு வில்லும் ஒரு சிறு உலோக மூடியும் உண்டு. அதில் அழுக்குச் சிக்கித் திறந்தபடி நின்றால் அழுத்தம் முழுவதும் வீணாகும். துடைத்துப் போட்டால் சிலவேளை அத்துடன் வேலை முடிந்துவிடும்.

இவ்வளவும் பார்த்த பின்பும் அழுத்தம் ஏறவில்லையானால் சம்பைக் கழற்றலாம்.

பம்ப் எங்கே இருக்கிறது?

எல்லாக் கார்களிலும் இடம் ஒன்றல்ல. கூலி எவ்வளவு என்பதை இதுவே தீர்மானிக்கிறது.

1489 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பூட்டிய மொறிஸ் ஒக்ஸ்போட், ஒஸ்ரின் ஏ55 கேம்பிரிட்ஜ் ஆகியவற்றில் பம்ப் எஞ்சினின் அடியில், சம்புக்குள் இருக்கிறது. கேம் தண்டிலுள்ள பற்சில்லு ஒரு சிறு தண்டின் மூலம் அதைச் சுழற்றுகிறது. இந்தியாவில் 2014 வரை உற்பத்தியான அம்பாசடர் காரும் ஒக்ஸ்போட்டின் வழிவந்ததே. அதன் பழைய பெற்றோல் எஞ்சினும் இக்குடும்பத்தைச் சேர்ந்தது.

தலையில் வால்வு உள்ள மொறிஸ் மைனரில் பம்ப் எஞ்சினின் பின்முகத்தில், கேம் தண்டின் முனையில் இருக்கிறது. அதை அடைய கியர் பெட்டி, கிளச், பறப்புச் சில்லு, பின்தகடு எல்லாவற்றையும் கழற்றவேண்டும். சம்பைக் கழற்றினால் கைக்கு வராது.

மாருதி 800 போன்ற பிற்கால வண்டிகளில் பம்ப் எஞ்சினின் முன்புறம், கிராங்க் தண்டைச் சுற்றி, ரைமிங் பெல்ற்றுக்குப் பின்னால் இருக்கிறது. பெல்ற்றைக் கழற்றிப் பூட்டும்போது அடையாளக் குறிகள் சரியாகப் பொருந்தாவிட்டால் எஞ்சின் ஒழுங்காக ஓடாது.

கீழே சொல்லும் முறை முதலாவது வகைக்குரியது.

மாற்றும் முறை

1. எஞ்சின் இளஞ்சூடாக இருக்கும்போது ஒயிலை ஒரு வாளியில் வடியுங்கள். பற்றரி இணைப்பைக் கழற்றுங்கள்.

2. வண்டியை ஜக்கில் உயர்த்தியபின், உறுதியான பனங்குற்றிகளையோ இரும்புத் தாங்கிகளையோ சட்டத்தின் கீழ் வையுங்கள். ஜக்கை மட்டும் நம்பி ஒருவரும் வண்டியின் கீழ் படுக்கக்கூடாது. சீமெந்துக் கற்களையும் நம்பவேண்டாம். அவை முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

3. சம்பின் போல்ற்றுகளைச் சுற்றிவரக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி இறக்குங்கள். சில வண்டிகளில் சம்ப் குறுக்குச் சட்டத்தில் முட்டும். அப்போது எஞ்சின் தாங்கிகளைத் தளர்த்தி எஞ்சினைச் சற்று உயர்த்தவேண்டும்.

4. சம்பின் அடியில் உள்ள மண்டியைத் துணியில் வடித்துப் பாருங்கள். மினுங்கும் துகள்கள் இருந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டுபவை இரும்பு. ஒட்டாமல் வெள்ளி நிறத்தில் கிடப்பவை பெரும்பாலும் பெயாரிங்கின் உலோகம். அவை நிறைய இருந்தால் பம்பை மட்டும் மாற்றுவது வீண்செலவு.

5. உறிஞ்சும் வலையைக் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மண்ணெண்ணெய்க்கு எஞ்சினில் உரிய வேலை இதுதான். வலை அடைபட்டிருந்தாலும், அது பம்போடு சேரும் இடத்தில் காற்று புகுந்தாலும் அழுத்தம் விழும். கிணற்றுக்குள் இறங்கும் குழாயில் காற்று எடுத்தால் மெஷின் இறைக்காதது போலத்தான்.

6. பம்பைத் தாங்கும் மூன்று நட்டுகளையும் கழற்றி, பம்பையும் அதன் தண்டையும் கீழே இறக்குங்கள்.

7. பம்பின் மூடியைத் திறங்கள். உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சில்லுகள் இருக்கும். உட்சில்லின் மேடுகளைவிட வெளிச்சில்லின் பள்ளங்கள் ஒன்று கூடுதல். அதனால் சுழலும்போது இடைவெளி விரிந்து ஒயிலை உறிஞ்சும், சுருங்கித் தள்ளும். இடைவெளி அளக்கும் மெல்லிய உருக்குத் தகடுகளால் மூன்று இடங்களில் அளவுங்கள். வெளிச்சில்லுக்கும் பம்பின் உடலுக்கும் இடையில் 0.25 மில்லிமீற்றர், இரு சில்லுகளின் மேடுகளுக்கிடையில் 0.15 மில்லிமீற்றர், சில்லுகளின் முகத்துக்கும் மூடி அமரும் மட்டத்துக்கும் இடையில் 0.13 மில்லிமீற்றர். இவற்றுக்கு மேற்பட்டால் தேய்வு மிஞ்சிவிட்டது என்று கொள்ளலாம். கடைசி அளவு மட்டுமே கூடியிருந்தால், மூடியை நிலைநிறுத்தும் இரு முளைகளையும் அகற்றி, பம்பின் முகத்தைத் தட்டையான பரப்பில் அரைத்துச் சரிசெய்யலாம். பழகிய கைக்கு இது சிறு வேலை. புதிய பம்பின் செலவு மிச்சம்.

8. சம்ப் திறந்திருக்கும் இந்த வேளையில் ஒரு பெயாரிங் மூடியையாவது கழற்றிப் பாருங்கள். மேற்பரப்பு மங்கலாகவும் ஒரே சீராகவும் இருந்தால் நல்லது. கீறல், உரிந்த இடம், செப்பு நிறம் தெரிந்தால் பெயாரிங்கை மாற்றவேண்டும். கழற்றும் மூடிகளை இடமும் திசையும் மாறாமல் குறியிட்டு வையுங்கள்.

9. புதிய பம்பைப் பழையதன் அருகில் வைத்து ஒப்பிடுங்கள். தண்டின் நீளம், பற்கள், துவாரங்கள் மூன்றும் ஒத்திருக்கவேண்டும். பெட்டியில் எழுதியிருப்பதை மட்டும் நம்பிப் பூட்டவேண்டாம். சில்லுகளை மட்டும் மாற்றுவதானால், வெளிச்சில்லின் சரிவு வெட்டிய விளிம்பு பம்பின் உட்புறத்தை, அதாவது தண்டு வரும் பக்கத்தை நோக்கவேண்டும்.

10. பம்பைப் புதிய கஸ்கற்றுடன் பூட்டுங்கள். சம்பை நன்றாகக் கழுவித் துடைத்து, அதற்கும் புதிய கஸ்கற் போட்டு, போல்ற்றுகளை எதிரெதிராகச் சீராக இறுக்குங்கள். அளவுக்கு மிஞ்சி இறுக்கினால் சம்பின் விளிம்பு வளைந்து ஒழுகும்.

வெறும் பம்ப் இறைக்காது

இதுவே எல்லாவற்றிலும் முக்கியமானது. அவசரத்தில் தவறவிடப்படுவதும் இதுதான். கிணற்றடியில் மெஷினை இயக்குமுன் பம்புக்குள் தண்ணீர் வார்க்கிறோம். வெறும் பம்ப் காற்றைத்தான் சுற்றும். ஒயில் பம்பும் அப்படியே. உலர்ந்த பம்பைப் பூட்டி எஞ்சினை நேரே இயக்கினால், ஒயில் ஏறும்வரை பெயாரிங்குகள் உலர்ந்தபடி சுழலும். புதிதாகப் போட்ட பெயாரிங் அந்த நேரத்துக்குள்ளேயே கெட்டுவிடலாம்.

ஆகவே, பூட்டுமுன் பம்பைச் சுத்தமான ஒயிலால் நிரப்பி, தண்டைக் கையால் சுழற்றி, வெளிவாயால் ஒயில் வருகிறதா என்று பாருங்கள். பூட்டிய பின் புதிய பில்ரரைப் போட்டு, சம்பை அளவுக் குறிவரை நிரப்புங்கள். இந்தப் பழைய எஞ்சின்களுக்கு எமது வெப்பத்தில் 20டபிள்யூ-50 வகை ஒயில் பொருந்தும். பிறகு ஸ்பார்க் பிளக்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, கிராங்க் கம்பியால் எஞ்சினைச் சுற்றுங்கள். பிளக் இல்லாததால் எஞ்சின் இலகுவாகச் சுழலும். பெயாரிங்குகளில் பாரம் விழாது. முள் அசையும்வரை, அல்லது மேல்மூடியைத் திறந்தால் வால்வுத் தண்டில் ஒயில் தெரியும்வரை சுற்றவேண்டும். அதற்குப் பின்புதான் பிளக்குகளைப் பூட்டி இயக்கலாம். பத்துச் செக்கன்களுக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் உடனே நிறுத்துங்கள்.

முதல் 500 கிலோமீற்றர் ஓடியபின் ஒயிலையும் பில்ரரையும் மறுபடி மாற்றுவது நல்லது. தங்கியிருந்த அழுக்கு அதனோடு வெளியேறும்.

கழிவு ஒயிலை எங்கே ஊற்றுவது?

நிலத்தில் ஊற்றவேண்டாம். எமது நிலம் சுண்ணக்கல். மேலே ஊற்றியது வெடிப்புகளினூடாக இறங்கி, நாம் குடிக்கும் கிணற்றுக்கே வந்து சேரும். சுன்னாகத்தில் மின்னுற்பத்தி நிலையத்தின் கழிவெண்ணெய் சுற்றுப்புறக் கிணறுகளைக் கெடுத்ததை நாம் கண்டோம். அவ்வழக்கில் 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு செலுத்தும்படி தீர்ப்பளித்தது. பணம் கிடைத்தாலும் கெட்ட கிணறு உடனே தெளிவதில்லை. கழிவு ஒயிலை மூடியுள்ள கலனில் சேர்த்து, அதைச் சேகரிப்போரிடம் கொடுங்கள். இரவல் வளவில் இருக்கும் குடும்பம் பிறர் கிணற்றையும் தன் கிணறாகவே எண்ணவேண்டும்.

கராஜில் கேட்கவேண்டிய கேள்விகள்

இவ்வேலை எல்லாவற்றையும் நீங்களே செய்யவேண்டும் என்பதற்காக இதை எழுதவில்லை. கணவனை இழந்த நிலையில் வண்டியை வாடகைக்கு விட்டுக் குடும்பம் நடத்தும் எமது சகோதரிகள், எஞ்சினைத் தொட்டுப் பார்க்காமலே பெரும் தொகை கொடுக்கவேண்டியவர்களாக இருக்கிறார்கள். பணம் கொடுக்குமுன் ஐந்து கேள்விகளைக் கேளுங்கள்.

வேறு ஒரு அழுத்தமானியால் அளந்து பார்த்தீர்களா? எத்தனை இறாத்தல் காட்டியது?

ஒயிலும் பில்ரரும் மாற்றிய பின்பும் அழுத்தம் குறைவாக இருந்ததா?

பழைய பம்பைத் திறந்து அளந்தீர்களா? அதை எனக்குக் காட்ட முடியுமா?

பெயாரிங்கைப் பார்த்தீர்களா?

புதிய பம்பை ஒயில் நிரப்பியா பூட்டுகிறீர்கள்?

நல்ல மெக்கானிக் இக்கேள்விகளால் கோபப்படமாட்டார். அவர் எங்கள் ஊர்களில் உதிரிப்பாகம் ஒன்றும் வராத காலத்தில், பழையதையே அளந்தும் அரைத்தும் பொருத்தியும் வண்டிகளை ஓடவைத்த பரம்பரையைச் சேர்ந்தவர். பழைய பம்பை மேசையில் வைத்து, எந்த இடம் தேய்ந்தது என்று தாமே காட்டுவார். காட்ட மறுப்பவரிடம் காப்பை அடைவு வைத்த பணத்தைக் கொடுக்குமுன், இன்னொருவரிடமும் ஒருமுறை காட்டிக் கேளுங்கள்.